‘குறைத்து நிறுத்துக’ என்னும் ஒரு வரி

பொது மருத்துவப் பிரிவில் இவ்வாண்டு சேர்ந்திருக்கும் இளையோர்க்கு நான் ஏதேனும் எழுதித் தரவேண்டும் என்று துறையிலிருந்து கேட்டார்கள். ஓய்வுபெற்ற மருத்துவன் இத்தகைய அழைப்பைப் பெற்றால், தான் கண்டறிந்த அரிய நோய்களையும் காப்பாற்றிய உயிர்களையும் வரிசைப்படுத்தி, அன்போடு பணி செய்யுங்கள் என்று முடிப்பது வழக்கம். எனக்கு அது இயலாது. நான் சினத்தோடு எழுதுகிறேன். ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று சில ஆண்டுகள் ஒத்திப்போட்டேன், ஆறவில்லை. அந்தச் சினத்தில் பெரும்பங்கு எனக்கே உரியது என்பதைப் படித்துச் செல்கையில் அறிவீர்கள். எஞ்சிய பங்கை உங்களுக்குத் தயக்கமின்றி அளிக்கிறேன்.

சிறுநீரகங்களின் உச்சியில் குல்லாய்போல் அமர்ந்திருக்கும் இரு சிறு சுரப்பிகளுக்கு அண்ணீரகம் என்று பெயர். நீங்கள் அட்ரினல் என்பீர்கள். அவை சுரக்கும் கார்ட்டிசால் இன்றி மனித உடல் ஒரு சாதாரணக் காய்ச்சலைக்கூடத் தாண்டாது. அச்சுரப்பிகள் அழியும்போது உடல் கூச்சலிடுவதில்லை. களைப்பு, பசியின்மை, எடைக்குறைவு, எழுந்து நின்றால் தலைசுற்றல், உப்பின்மீது ஓர் ஏக்கம், தோலில் மெல்லப் படரும் கருமை: இவ்வளவே அதன் பேச்சு. ஒவ்வொன்றுக்கும் வேறொரு காரணத்தைச் சொல்லிவிடலாம். சொல்லியும் விடுகிறோம்.

மாதம்மாளுக்கு அப்படித்தான் சொன்னோம். வயது முப்பத்து நான்கு. கர்நாடகத்து ஹனூர்ப் பக்கத்துத் தமிழ் உழவர் குடும்பத்துப் பெண். கணவர் சின்னசாமி கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை செய்பவர். இருவரும் நஞ்சன்கூட்டில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். மாதம்மாள் அங்கே ஒரு தொழிற்கூடத்தில் பொருள்களைப் பெட்டியில் அடைக்கும் பிரிவில் இருந்தார். இரண்டு பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் படித்துக்கொண்டிருந்தனர்.

அவர் மைசூரில் எங்கள் மருத்துவமனைக்கு வந்த அன்று, கணவர் கையில் ஒரு நெகிழிப்பை இருந்தது. அதற்குள் ஏழு மாதக் காலத்துச் சீட்டுகள். ஐந்து மருத்துவர்கள் எழுதியவை. முதலாமவர் வாயு என்றார். இரண்டாமவர் சத்துக்குறைவு என்று டானிக் எழுதினார். மூன்றாமவர் தோல் மருத்துவர். முகம் வெளுக்க ஒரு களிம்பு தந்தார். நான்காமவர் குறைந்த இரத்த அழுத்தம் என்று சரியாகவே கண்டு, உப்பைக் கூட்டிச் சாப்பிடுமாறு சொல்லி அனுப்பிவிட்டார். ஏன் குறைந்தது என்ற வினா அவருக்கு எழவில்லை. ஐந்தாமவர் மனச்சோர்வு என்று தீர்ப்பளித்தார். எடையைக் குறித்தவை இரண்டு சீட்டுகள். இரண்டுக்கும் இடையே ஒன்பது கிலோ குறைந்திருந்தது. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஐவரில் ஒருவருக்கும் கை வரவில்லை.

இவர்களில் எவரும் மூடரல்லர். இருவர் என்னிடம் பயின்றவர்கள். கூலிவேலை செய்யும் தமிழ்ப் பெண்ணின் கறுப்பு நிறத்தைக் கண்டதும், அது பிறவி நிறம் அல்லது வெயில் நிறம் என்று கண் தானே முடிவு செய்துகொள்கிறது. ‘எப்போதிலிருந்து கறுத்தீர்கள்?’ என்று கேட்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? செல்வர் வீட்டுப் பெண் ஒருத்தி இவ்வாறு கறுத்து வந்திருந்தால் நாம் கேட்டிருப்போம். இந்த இடத்தில் நீங்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துவிட்டு, உங்கள் சென்ற வாரத்துச் சீட்டுகளை எடுத்துப் பாருங்கள்.

அன்று காலை பத்து மணியளவில் நான் புறநோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரப் பிரிவின் மூத்த செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் தமிழுக்குள் கன்னடம் தாராளமாக நடமாடும்; ‘சீக்கிரம்’ என்பது ‘பேகா’ ஆகும், ‘வேண்டுமாம்’ என்பது ‘பேக்கந்தெ’ ஆகும்.

“சார், பேகா வாங்க சார். பிபி எழுபதைத் தாண்டவே மாட்டேங்குது. மூணு பாட்டில் சலைன் போயாச்சு. சர்ஜன் சார் தியேட்டருக்கு எடுக்கணும்னு நிக்கிறாரு, உங்க சைன் பேக்கந்தெ.”

அறுவை மருத்துவர் என்னைவிடப் பத்தாண்டு இளையவர். நுட்பமான கைகள் உடையவர். பொறுமை மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. நான் போனபோது கட்டிலில் கிடந்த மாதம்மாளுக்கு இரண்டு நாள் காய்ச்சலும் வாந்தியும், அன்று விடியலிலிருந்து கடும் வயிற்றுவலி. “வயிறு பலகையா இருக்கு சார். உள்ளே எங்கேயோ ஓட்டை. தெறந்து பாத்துடலாம். நீங்க அனஸ்தீசியாவுக்கு ஓகேன்னு ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க.”

நான் மாதம்மாளின் கையைப் பற்றி, உள்ளங்கையைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

“என்ன சார், கைரேகையா? ஆயுசு ரேகை நீளமா இருந்தாத்தான் கேஸ் எடுக்கணுமா?” என்றார் அவர். சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்தார்கள்.

“ரேகைதான் பாக்கறேன். நீங்களும் கொஞ்சம் வந்து பாருங்க” என்றேன்.

உள்ளங்கை மடிப்புகள் ஒவ்வொன்றும் மை ஊற்றியதுபோல் கறுத்திருந்தன. ஈறுகளிலும் அதே மை. முழங்கையில் இருந்த பழைய தழும்பு சுற்றியிருந்த தோலைவிட இருண்டிருந்தது. வெயில் ஈறுகளைக் கறுக்கச் செய்வதில்லை. சின்னசாமியை அழைத்தேன்.

“இவங்க வெயில்லயா வேலை செய்யறாங்க?”

“இல்லீங்க சாமி, உள்ளுக்குள்ளதானுங்க, டியூப்லைட்டுக்கு அடியில. சூரியனை ஞாயித்துக்கெழமதான் பாப்பா. ஆனாலும் இந்த வருசம் இப்பிடிக் கருத்துப்போச்சுங்க. எங்கம்மாவே கேலி பேசுது, நான் கட்டிவெச்ச புள்ள இது இல்லடான்னு.”

“உப்பு நெறையச் சாப்பிடுவாங்களா?”

அவர் திகைத்தார். “அதெப்பிடிங்க உங்களுக்குத் தெரியும்? கல்லுப்பை முட்டாயாட்டம் வாயில போட்டுக்குவாளுங்க. கம்பெனியில இவளுக்கு உப்புமூட்டைன்னே பேரு.”

கண்ணை மூடிக் கிடந்த மாதம்மாள் உதடு மட்டும் அசைத்தார். “அதைய எதுக்கு... இப்பப் போய்ச் சொல்லிக்கிட்டு...”

அதற்குள் ஆய்வுக்கூடத்திலிருந்து முதல் முடிவுகள் வந்தன: சோடியம் மிகத் தாழ்ந்தும் பொட்டாசியம் உயர்ந்தும் சர்க்கரை ஐம்பதுக்கு அருகிலும் இருந்தன. அண்ணீரகங்கள் செயலிழந்துவிட்டன, இனி ஐயத்துக்கு இடமில்லை. இந்நிலையில் மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறந்திருந்தால், உள்ளே ஓட்டை எதையும் கண்டிருக்கமாட்டோம். மேசையிலிருந்து உயிரோடும் இறக்கியிருக்கமாட்டோம். கார்ட்டிசாலுக்கு இரத்தம் எடுத்துவிட்டு, அதற்கு ஈடான ஸ்டீராய்டு மருந்தாகிய ஹைட்ரோகார்ட்டிசோனை உடனே நூறு மில்லிகிராம் ஊசியாகப் போடுமாறு சொன்னேன்.

என் பிரிவின் முதுநிலை மாணவர், நன்கு படிப்பவர், முன்வந்தார். “சார், கார்ட்டிசால் ரிப்போர்ட் சாயங்காலம்தான் வரும். உள்ளே கிருமித்தொற்று இருந்து நாம ஸ்டீராய்டு கொடுத்துட்டா...”

“சாயங்காலம் ரிப்போர்ட்டை யாருகிட்டப்பா காட்டுவ?” என்றேன்.

அவர் ஊசியை எடுத்தார். இந்த ஒன்றை மட்டும் பாடமாகக் கொள்ள விரும்புவோர் இங்கேயே கொண்டுவிடலாம். தேவையற்ற இடத்தில் போட்ட ஓர் ஊசியால் பெருந்தீங்கு வராது. தேவையான இடத்தில் போடாத ஓர் ஊசி ஆளைக் கொன்றுவிடும். இரத்தத்தை எடுங்கள், மருந்தைக் கொடுங்கள், முடிவுக்குக் காத்திருங்கள். இந்த வரிசை மாறலாகாது.

இரண்டு மணி நேரத்தில் அழுத்தம் நூறைத் தொட்டது. பிற்பகலில் வயிறு இளகியது. மாலையில் மாதம்மாள் கண்விழித்து மோர் கேட்டார். “உப்பு ஜாஸ்தி போட்டே தர்றேன்மா, இனி டாக்டரே பர்மிஷன் கொடுத்தாச்சு” என்றார் செவிலியர். அறுவை மருத்துவர் வார்டுக்கே வந்து, “எனக்கும் கைரேகை கத்துக்குடுங்க சார்” என்று உள்ளங்கையை நீட்டினார். கார்ட்டிசால் முடிவு, ஏறத்தாழச் சுழி.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால், துறையார் எதிர்பார்த்த இனிய கட்டுரை கிடைத்திருக்கும். இதுவரை சொன்னதைப் பல மேடைகளில் நானே சொல்லிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். இனி வருவதை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

மாதம்மாளின் அண்ணீரகங்களை அழித்தது காசநோய் என்று தெரியவந்தது. அதற்குரிய மருந்துகளைத் தொடங்கினோம். அவற்றுள் ஒன்று, நாம் கொடுக்கும் கார்ட்டிசாலை உடல் விரைந்து செலவழிக்கச் செய்யும். ஆகவே வழக்கமான அளவைவிடக் கூட்டித் தரவேண்டும். அழிந்த சுரப்பி மீள்வது அரிது. ஆகவே வாழ்நாள் முழுதும் தரவேண்டும். காய்ச்சல் வந்தால் இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தி வந்தால் ஊசியாகவே போடவேண்டும். இவை அனைத்தையும் அவருடைய கட்டிலருகே நின்று, பன்னிரண்டு மாணவர்க்கு, அரை மணி நேரம், அழகிய ஆங்கிலத்தில் எடுத்துரைத்தேன். அன்று எனக்குக் குரல் நன்றாக இருந்தது. மாதம்மாள் என் முகத்தையும் மாணவர் முகங்களையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மாணவர்கள் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தபோது, என் மேலங்கியின் ஓரத்தை மெல்லப் பற்றினார்.

“ஏனுங்க சாமி, இந்த மாத்திரை எத்தன நாளைக்குங்க?”

அந்த வார்டில் அவருடைய மொழி அறிந்தவர்கள் வேறு சிலரும் உண்டு. அவ்வினாவுக்கு விடை சொல்லும் பொறுப்புடையவன் நான் ஒருவன். ‘சாகும்வரை ஒரு நாளும் விடக்கூடாது அம்மா’ என்று சொல்வதற்குத் தமிழில் ஒரு மூச்சு போதும். நான் புன்னகைத்துவிட்டுச் சொன்னேன்: “எல்லாம் சீட்டுல எழுதித் தருவாங்கம்மா. அதுல இருக்கறபடியே செய்யுங்க.”

“சரிங்க சாமி. அப்பிடியே செய்யறனுங்க.”

ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம். ஊருக்குப் போய்ச் சில மாதம் தாயிடம் இருந்துவிட்டு வருவதாகச் சொன்னார்கள். வெளியேற்றுச் சுருக்கத்தை அந்த முதுநிலை மாணவர் கணினியில் ஆயத்தம் செய்தார். கணினியில் எங்கள் பிரிவு ஆண்டுக்கணக்கில் வைத்திருந்த வார்ப்பு வாக்கியங்கள் உண்டு. ஸ்டீராய்டு என்ற சொல்லைத் தட்டினால், ‘மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துக’ என்னும் வரி தானே வந்து விழும். ஆஸ்துமாவுக்கு அது சரி. மூட்டுவாதத்துக்கும் பல வேளைகளில் சரி. அந்நோயாளிகளுக்குச் சொந்தச் சுரப்பி உயிரோடு இருக்கிறது; அது மெல்ல விழித்துக்கொள்ள அவகாசம் தருகிறோம். மாதம்மாளுக்கு விழித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. நோயைக் கண்டறிந்த பிறகு, நம் கைப்பழக்கத்தால், அதன் ஒரே மருந்தைத் தேதியிட்டு நிறுத்தச் சொன்னோம். நோய்ப்பெயரை அறியாத எவரும் செய்திருக்க முடியாத பிழை இது. படித்தவனுக்கே வாய்க்கும் பிழை.

சுருக்கம் என் மேசைக்கு வந்தது. மேலே நோயின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. ஐவர் தவறவிட்ட பெயர், நான் பிடித்த பெயர். அதைப் படித்து மகிழ்ந்தேன். கீழே படிக்கவில்லை. கையெழுத்திட்டேன்.

ஆறு வாரம் கழிந்து, ஒரு திங்கட்கிழமை, புறநோயாளிகள் வரிசையில் சின்னசாமி நின்றார். தனியாக நின்றார். மொட்டையடித்த தலையில் மயிர் அரும்பியிருந்தது. அதைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. விளங்காதவன்போல் உட்காரச் சொன்னேன்.

“மாதம்மா போயிட்டாளுங்க சாமி.”

வீட்டில் மூன்று வாரம் நன்றாக இருந்திருக்கிறார். பிள்ளைகளுக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார். நான்காம் வாரம் தளர்ந்து படுத்தார். பிறகு வாந்தி. பக்கத்து ஊர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த மருத்துவர் கடமையுணர்வுடையவர். எங்கள் சீட்டை முழுமையாகப் படித்திருக்கிறார். அவரேனும் படித்தார்! நோய்ப்பெயரைப் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டை ‘மூன்று வாரத்தில் குறைத்து நிறுத்துக’ என்று பெரிய மருத்துவமனையே எழுதியிருப்பதால், அந்தத் தொல்லை தீர்ந்துவிட்டதென எண்ணி, வாந்திக்கு உரிய மருத்துவத்தை மட்டும் செய்திருக்கிறார். மறுநாள் முற்பகல் மாதம்மாள் இறந்தார்.

சின்னசாமி ஒரு நாட்காட்டித் தாளை மேசைமேல் விரித்தார். எங்கள் மருந்தகத்தார் கன்னடத்தில் விளக்கியதைக் கேட்டு, நாள்தோறும் எத்தனை மாத்திரை என்று கட்டத்துக்குள் எழுதி, கொடுத்ததும் ஒரு கோடு கிழித்திருந்தார். மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, ஒன்று, ஒன்று. இருபத்தொன்றாம் கட்டத்தில் ஒரு சுழி.

“நீங்க எழுதுனபடியேதானுங்க குடுத்தேன். ஒரு வேளைகூடத் தப்பலீங்க. அவளும் கேட்டுக்கிட்டே இருப்பா, சாமி சீட்டுல இருக்கறபடி செய்யச் சொன்னாரு, தப்பு பண்ணிராதீங்கன்னு. நான் எங்கீங்க தப்பு பண்ணுனேன்?”

அவரை அமரச் செய்துவிட்டு வெளியே வந்து, அந்த மாணவரை வரவழைத்துச் சீட்டைக் காட்டினேன். படித்தார். “ஸ்டீராய்டுன்னா டேப்பர் பண்ணி, கொறச்சுத்தானே சார் நிறுத்தணும்...” என்று தொடங்கியவர், தம் சொற்களைத் தாமே கேட்டுவிட்டு, சீட்டை மீண்டும் மேலிருந்து படித்தார். அவர்மீது எனக்குச் சினம் எழவில்லை. அந்த வரியை அவர் எழுதவில்லை. அவருக்கு முன்னிருந்த நாங்கள் அனைவரும் எழுதினோம். கையெழுத்து என்னுடையது.

பிறகு நிர்வாகப் பொறுப்பிலிருந்தவரிடம் சொன்னேன். அவரும் மருத்துவரே. கதவைச் சாத்திவிட்டு வந்து பேசினார்.

“அவசரப்பட்டு எதுவும் வாயை விட்டுடாதீங்க டாக்டர். நோய் முத்திப்போச்சுன்னு சொல்லுங்க. காசநோய், சுரப்பி ரெண்டும் போச்சு. பொய் ஒண்ணும் இல்லையே?”

“இல்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மைதான்.”

“அப்புறம் என்ன?”

“அந்த ஆளு வீட்டுக்குப் போயி, தான் கொன்னுட்டதா நெனச்சுக்கிட்டே மிச்ச நாளைக் கழிப்பாரு. அதான்.”

“கேஸ் போட்டா?”

“போடட்டும்.”

அவர் என் பணி ஓய்வுக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று நினைவூட்டினார். நட்பால் சொன்னார் என்றே இன்றும் நம்புகிறேன். இந்த இடத்தில் என் சினம் எல்லை மீறுவதால், நான் அவருக்குக் கொடுத்த மறுமொழியை எழுதாது விடுகிறேன்.

அறைக்குத் திரும்பி, சின்னசாமியின் எதிரே உட்காராமல் அருகே உட்கார்ந்தேன். தமிழில் சொன்னேன். நிறுத்தவே கூடாத மாத்திரையை நிறுத்தச் சொல்லிச் சீட்டில் எழுதிவிட்டோம் என்றேன். படிக்காமல் கையெழுத்திட்டவன் நான் என்றேன். உங்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை, எங்கள் எழுத்தை நம்பியதைத் தவிர என்றேன். வழக்குத் தொடுப்பதானால் என் பெயரை எழுதுங்கள், நான் மறுக்கமாட்டேன் என்றும் சொன்னேன்.

நாட்காட்டியில் சுழி இருந்த கட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

“அப்ப, குடுத்துக்கிட்டே இருந்திருந்தா இருந்திருப்பாளுங்களா?”

“இருந்திருப்பாங்க.”

“பேரன் பேத்தி பாக்கற வரைக்குமா?”

“ஆமாம்.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அந்த இலகுவை எனக்கு அளிக்க அவருக்குக் கடமை ஏதும் இல்லை. எழுந்தார், ஏதோ நினைவு வந்தவராய்ச் சட்டைப்பையைத் துழாவினார்.

“தப்பு எங்கன்னு கேக்க மட்டும் வரலீங்க. இதையும் குடுத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன். இல்லாதவங்க யாருக்காச்சும் ஆகும். வீட்டுல கெடந்தா புள்ளைங்க எடுத்துத் தின்னுபோடும்.”

நாங்கள் நிறுத்தச் சொன்ன அந்த ஸ்டீராய்டு மாத்திரையின் அட்டை ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அட்டையில் நான்கு மாத்திரைகள் எஞ்சியிருந்தன. மாதம்மாள் தளர்ந்து படுத்த அன்று அந்த நான்கும் அவர்கள் வீட்டிலேயே இருந்தன.